பெரிய பண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் ஏழு பேர்

போன ஞாயிற்றுக்கிழமை பொழுதோட ஆறரை மணிக்கு, ஒருமுறைகூடச் சிலம்பக் கோலைத் தூக்காமல் விளையாடி வந்த ஒருவர் என் கேமின் கடைசிச் சண்டையை முதல்முறையாக முடித்தார். எங்கள் மண்டியில் எடைமேடையில் வேலை பார்க்கும் தம்பிதான். முடிக்க 14 நிமிடம் ஆனது. முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "இன்னொருக்கா மொதல்ல இருந்து வெளையாடட்டுங்களா அக்கா?" என்றார். அந்த ஒரு சண்டையைச் சரிசெய்ய ஏழு மாதம் ஆகியிருக்கிறது. எங்கெங்கே தவறாகப் போனேன் என்பது மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். விளையாடுபவர் எடுக்கும் முடிவுகளை வைத்துக் கதை நகரும் கேம் ஒன்றைக் கட்டிக்கொண்டு, கடைசியில் பாஸை, அதாவது முடிவில் வழிமறிக்கும் பெரிய எதிரியை, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் யாருக்காவது பயன்படும்.

கேம் இதுதான். ஒரு வாய்க்கால். கடைமடை ஊரில் பயிர் வாடுகிறது. தண்ணீர் ஏன் வரவில்லை என்று பார்க்க, செல்லாயி என்ற பெண் வாய்க்கால் கரையோடு மேற்கே நடக்கிறாள். வழியில் ஐந்து மடை. ஒவ்வொன்றையும் மூன்று விதமாகத் திறக்கலாம். கோலெடுத்துச் சண்டை போடலாம். காவலில் இருப்பவரிடம் பேசி இணங்க வைக்கலாம். இல்லையென்றால் ராத்திரி இருட்டில் ஒளிந்துபோய்ப் பலகையைத் தூக்கிவிடலாம். தலைமடையில் பெரிய பண்ணாடி, அதாவது பண்ணையார், நிற்கிறார். அவர்தான் பாஸ்.

எங்கள் வயல் கீழ்பவானி வாய்க்காலில், சென்னசமுத்திரம் பகிர்மானக் கால்வாயின் கடைசிப் பக்கம் இருக்கிறது. பவானிசாகரில் கிளம்பி 200 கிலோமீட்டர் ஓடி வருகிற வாய்க்கால் அது. மொத்தப் பாசனம் 2,07,000 ஏக்கர். அத்தனைக்கும் ஒரே சமயத்தில் தண்ணீர் காணாது. அதனால் ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று பிரித்து, ஒரு போகத்துக்கு 1,03,500 ஏக்கர் என்று முறை வைத்து விடுகிறார்கள். முறை, மடை, கடைமடை என்ற பேச்சு எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்திலும் ஓடும். எனக்குத் தெரிந்த சண்டை அதுதான், அதனால் அதையே எடுத்துக்கொண்டேன்.

பகலில் ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு வேலை. கேம் வேலை ராத்திரி ஒன்பதுக்கு மேல். லேப்டாப் பழையது, 24,000 ரூபாய்க்கு வாங்கினேன். படம் வரையும் டேப்லெட் 3,400. கேமைக் கட்டும் மென்பொருள், அதாவது இஞ்சின், கோடாட் 4, அதற்குக் காசு கிடையாது. 2023 மார்ச்சில் 4.0 வந்தபோது, தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோர்த்துக் காட்டும் வசதி உள்ளேயே வந்துவிட்டது. "கொங்கு" என்று அடித்தால் கொம்பும் காலும் அதனதன் இடத்தில் நிற்கும். எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ், 22 அளவு. 18-ல் வைத்திருந்தபோது அப்பாரு (தாத்தா) கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்தார். அதனால் ஏற்றினேன்.

முதல் கட்டு

பெரிய பண்ணாடிக்கு ஹெல்த், அதாவது அடி வாங்க வாங்கக் குறையும் உயிர்க் கணக்கு, 240 வைத்தேன். வழியெல்லாம் கோல் பழகி வந்த செல்லாயி ஒரு அடிக்கு 12 குறைப்பாள், ஆக 20 அடி. பேசியே வந்தவளுக்குக் கோல் பழக்கம் கிடையாது. அவள் அடிக்கு 3 என்று வைத்திருந்தேன், அப்படியென்றால் 80 அடி. பண்ணாடி நாலு அடி போட்டால் அவள் விழுந்துவிடுவாள். இந்தக் கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். நான் எழுதிப் பார்க்கவில்லை. சண்டை போட எனக்குப் பிடிக்கும் என்பதால் நானே கோல் வழியில் மட்டும் சோதித்துக்கொண்டிருந்தேன்.

ஆடி 18 அன்று வீட்டுக்கு ஒறம்பரை (உறவுக்காரர்கள்) வந்திருந்தார்கள். ஆறு பேரை உட்கார வைத்தேன். கோல் வழியில் வந்த இரண்டு பேர் முடித்தார்கள். இருட்டில் வந்தவர் பண்ணாடியைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒளிய இடமில்லாமல் விட்டுவிட்டார். பேசி வந்த மூன்று பேரில் ஒருவர் நாலாவது முயற்சியிலும், ஒருவர் ஏழாவதிலும் எழுந்துவிட்டார்கள். மூன்றாமவன் என் அண்ணன் மகன், பத்தாம் வகுப்பு. ஒன்பது தடவை செத்தான். அவன் கையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மடை வரை கட்டைவிரல் பட்டன்மேல் மெதுவாக நின்று, வரிகளைப் படித்துப் படித்து அழுத்தியது. பண்ணாடி முன்னால் வந்ததும் இரண்டு கட்டைவிரலும் தடதடவென்று ஓட ஆரம்பித்தன. அதே பையன், அதே கேம். ஆனால் அவன் கையில் இருந்தது வேறொரு விளையாட்டு. கண்ட்ரோலரைப் பாயில் வைத்துவிட்டு, "நான் சண்டையே போடலையே அத்தை, என்ன எதுக்கு அடிக்கறாரு?" என்றான். எனக்குப் பதில் இல்லை.

அன்று ராத்திரியே ஹெல்த்தை 240-லிருந்து 150 ஆக்கினேன். இரண்டு நாள் கழித்து 90. பண்ணாடியின் கோல் வேகத்தைக் குறைத்தேன், செல்லாயிக்கு ஓய்வெடுக்க இரண்டு திண்ணை வைத்தேன். இப்படி ஒன்பது நாள் போயிற்று. கோல்காரர்கள் 40 விநாடியில் முடித்துவிட்டு, "பாஸு இவ்வளவுதானா?" என்றார்கள். பேச்சுக்காரர்களுக்கு அப்போதும் அது 30 அடி. எண்ணை மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்தது முதல் தவறு. பிழை எண்ணில் இல்லை. ஐந்து மடையாக "நீ எப்படிப் போவாய்?" என்று கேட்டுவிட்டு ஆறாவது இடத்தில் நான் கேட்பதையே நிறுத்திவிட்டேன், அங்கேதான் பிழை.

பழைய கேம்களை எடுத்துப் பார்த்தது

கட்டுவதை நிறுத்திவிட்டு இரண்டு வாரம் மற்றவர்கள் இதை எப்படிச் செய்தார்கள் என்று பார்த்தேன். என்னுடைய தவறு புதிதல்ல. 2011-ல் வந்த டியூஸ் எக்ஸ்: ஹியூமன் ரெவல்யூஷன் முழுக்க ஒளிந்து போகலாம், கணினிகளுக்குள் புகலாம், பேசி மடக்கலாம். பாஸ்கள் முன்னால் மட்டும் துப்பாக்கி ஒன்றுதான் வழி. அந்தச் சண்டைகளை வெளியில் வேறொரு நிறுவனத்திடம் கொடுத்துச் செய்திருந்தார்கள். ஆட்கள் கோபப்பட்டார்கள். 2013-ல் வந்த டைரக்டர்ஸ் கட் பதிப்பில் அதே இடங்களை மாற்றி, ஒளியவும் கணினிகளைப் பயன்படுத்தவும் வழி வைத்தார்கள். பாஸை மாற்றவில்லை, பாஸ் நிற்கும் அறையை மாற்றினார்கள். இதை உடனே எடுத்துக்கொண்டேன். தலைமடையில் பனையோலை வேலி, கவிழ்த்துப் போட்ட வண்டி, அணைக்கக்கூடிய லாந்தர் விளக்குகள் நாலு என்று வைத்தேன். இருட்டு வழியில் வந்தவருக்கு அது போதுமானதாக இருந்தது. இந்த மாற்றம் மட்டும் கடைசிவரை நின்றது.

பேச்சு வழிக்கு 1997-ல் வந்த ஃபாலவுட்டைப் பார்த்தேன். அதன் கடைசியில் மாஸ்டர் என்பவன், மனிதர்களை எல்லாம் புதுவித உயிர்களாக மாற்றிவிட்டால் உலகம் பிழைக்கும் என்று மனதார நம்புகிறான். அவனைச் சுடலாம், அவன் இருக்கும் இடத்தையே வெடிக்க வைக்கலாம். இல்லையென்றால், அந்தப் புது உயிர்களுக்குப் பிள்ளை பிறக்காது என்பதற்கு ஆதாரத்தைத் தேடி எடுத்துவந்து கையில் கொடுக்கலாம். தன் திட்டம் பாழ் என்று தெரிந்ததும் அவனே எல்லாவற்றையும் முடித்துக்கொள்கிறான். நாக்குச் சாமர்த்தியம் மட்டும் அங்கே செல்லாது. ஆதாரத்துக்காக முன்பே எங்கோ அலைந்திருக்க வேண்டும். அந்த அலைச்சல்தான் பேச்சுக்காரனின் சண்டை.

2007-ல் வந்த மாஸ் எஃபெக்ட்டில் சாரென் என்ற எதிரியைப் பேசியே தன்னைத்தானே சுட்டுக்கொள்ள வைக்கலாம். ஆனால் அதன் பிறகு அவன் உடம்பு எழுந்து வந்து எப்படியும் சண்டை போடும். 2023-ல் வந்த பால்டர்ஸ் கேட் 3-லும் கெதரிக் தார்ம் என்ற எதிரியிடம் பேசிப் பாதியைத் தாண்டலாம், மீதிக்கு ஆயுதம் வேண்டும். பேசியதற்குக் கொஞ்சம் மரியாதை, சண்டைக்குக் கொஞ்சம் இடம் என்ற சமரசம் அது. பெரிய கேம்களுக்கு அது சரியாக இருக்கலாம், அங்கே சண்டையே ஒரு விருந்து. என்னுடையது நாலு மணி நேரக் கேம். என் பேச்சுக்காரர் அந்த இடத்தில் ஏமாந்துபோவார். 2019-ல் வந்த டிஸ்கோ எலிசியத்தில் தனிச் சண்டை முறையே கிடையாது. துப்பாக்கி வெடிக்கும் இடத்திலும் உரையாடல் வரிகளும் பகடையும்தான். கோல் வழியை எடுத்துவிடலாமா என்றுகூட இரண்டு நாள் யோசித்தேன். சிலம்பக் கோலைத் தூக்கிப் போட மனசு வரவில்லை.

என்னை நிறுத்தியது 2015-ல் வந்த அண்டர்டேல். அதில் டோரியல் என்ற தாய் போன்றவள் வழிமறித்து நிற்பாள். கருணை காட்டும் பட்டனை ஒருமுறை அழுத்தினால் போதாது. அவள் தீயை வீசிக்கொண்டே இருப்பாள், தப்பித்துக்கொண்டே திரும்பத் திரும்பக் கருணையையே தேர்ந்தெடுக்க வேண்டும். நமக்கு ஹெல்த் மிகவும் குறைந்துவிட்டால் அவள் வீசுகிற தீ நம்மை விட்டு விலகிப் போகும். அவளுக்கு நம்மைக் கொல்ல மனமில்லை என்பதை ஒரு வரி வசனம்கூடச் சொல்லாமல் அந்தத் தீயே சொல்லிவிடும். சண்டையைத் தாண்டிப் போவதற்குப் பேச்சு என்று இல்லாமல், சண்டைக்குள்ளேயே பேச்சு நடக்கிறது. இது எனக்குப் புரிந்தது. ஆனால் புரிந்ததைச் செய்வதற்கு முன்னால் இன்னொரு தவறு செய்தேன்.

ஒற்றைப் பட்டன்

எளிதாக முடித்துவிடலாம் என்று, பண்ணாடி முன்னால் "பேசிப் பார்" என்று ஒரு பட்டன் வைத்தேன். வழியில் சேர்த்த பேச்சுப் புள்ளி 70 இருந்தால் பண்ணாடி மடையைத் திறந்துவிடுவார். செய்ய ஒரே ராத்திரிதான் ஆனது, எனக்கும் சந்தோஷம்.

புரட்டாசி சனிக்கிழமை ஒன்றில் நாலு பேர் விளையாடினார்கள். ஒருவர் 85 புள்ளியோடு வந்தார். பட்டனை அழுத்தினார். 11 விநாடியில் கேம் முடிந்தது. திரையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அவர் இன்னும் ஏதாவது வரும் என்று காத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் 68-ல் வந்து நின்றார். இரண்டு புள்ளிக்காக இரண்டாவது மடைக்குத் திரும்பிப் போய், ஏற்கனவே பேசி முடித்த ஒரு பாட்டியிடம் மறுபடி மறுபடி நலம் விசாரித்துப் புள்ளி சேர்த்தார். மூன்று மணி நேரம் ஒருவர் மனசைப் படித்துப் பேசி வந்தவரைக் கடைசியில் நான் எண்ணைச் சேர்க்கிறவராக ஆக்கிவிட்டேன். அடித்தே தீர வேண்டும் என்ற சண்டை ஒரு சுவர் என்றால், இது திறந்து போட்ட கதவு. இரண்டிலும் பண்ணாடி அங்கே ஒரு மனுசனாக இல்லை.

அந்தப் பட்டனை நீக்கினேன். நீக்கிய பிறகு ஒரு மாதம் கேமைத் தொடவே இல்லை.

அப்பாரு கேட்டது

கார்த்திகையில் ஒரு நாள் அண்ணன் மகன் மறுபடி விளையாடிக்கொண்டிருந்தான். அப்பாரு பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வயது 81. கேம் என்றால் என்ன என்று கேட்கவே இல்லை, வாய்க்காலைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். பையன் தலைமடைக்கு வந்து சேர்ந்ததும் கேட்டார்.

"ஏங்கண்ணு, இந்தப் புள்ள ஊரூராப் பேசிப்போட்டு வந்துச்சே, அந்த ஆளுகெல்லாம் எங்க போயிட்டாங்க?"

"அவங்க அவங்க மடையிலயே இருக்காங்க அப்பாரு."

"அதெப்படி? பண்ணாடி ஒத்தையிலயா மடையில நிப்பான்? அவம் பின்னால எத்தன பேருன்னுதான எதிர்ல வாரவன் பாப்பான். எங்க காலத்துல தடியத் தூக்கறதுக்கு முன்னாலயே தீந்துபோயிரும். பின்னால நிக்கறவன் ஒவ்வொருத்தனா ஊட்டுக்குக் கெளம்பிட்டா, பண்ணாடியும் துண்ட ஒதறித் தோள்ல போட்டுட்டுப் போயிருவான்."

அவர் அதோடு விடவில்லை. ஒரு மடைத் தகராறில் யார் யார் எங்கே நின்றார்கள், யார் கையில் லாந்தர் இருந்தது, யார் மாமன் மச்சான் முறைக்காக மட்டும் வந்து பின்னால் ஒதுங்கி நின்றார் என்று அரை மணி நேரம் சொன்னார். நான் மண்டிச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். அந்தச் சீட்டு இன்னும் இருக்கிறது. ஏழு வட்டம், நடுவில் ஒன்று, ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் ஒரு மடைக்குக் கோடு.

அதுதான் கடைசியில் வேலை செய்த வடிவம். பண்ணாடியின் ஹெல்த்தை மொத்தமாக எடுத்துவிட்டேன். அவருடைய பலம் பின்னால் நிற்கும் ஏழு பேர். ஐந்து மடைக்காரர்கள், ஒரு வண்டிக்காரர், பண்ணாடியின் மருமகன். எந்த வழியில் விளையாடினாலும் இந்த ஏழு பேரைத்தான் குறைக்க வேண்டும். கோலென்றால் அடித்து உட்கார வைப்பது. பேச்சென்றால், ஒவ்வொருவருக்கும் எது உறுத்துகிறதோ அதைச் சொல்லி வீட்டுக்கு அனுப்புவது. இருட்டென்றால், அவர் பக்கத்து லாந்தரை அணைத்து, பின்னால் போய்ப் பலகையில் ஒரு ஆணியைக் கழற்றுவது. ஏழு ஆணி கழன்றால் பலகை தானாக மேலே வரும்.

முக்கியமானது, யார் யார் அங்கே வந்திருக்கிறார்கள் என்பதை நீங்கள் முன்பு செய்ததுதான் தீர்மானிக்கும். முதல் மடைக்குப் போகும் வழியில் வண்டிக்காரர் ஒருவரின் சக்கரம் சேற்றில் மாட்டியிருக்கும். நின்று தள்ளிவிட்டவருக்கு, தலைமடையில் அந்த வண்டிக்காரர் வந்திருக்கவே மாட்டார், ஆறு பேர்தான். மூன்றாவது மடைக்காரரின் கையைக் கோலால் முறித்துவிட்டு வந்தவருக்கு, அவர் கட்டுப்போட்ட கையோடு வந்து நிற்பார், கூடவே அவர் தம்பியும் வருவார். எட்டுப் பேர். கோல்காரர் ஒருவர் அந்தக் கட்டைப் பார்த்ததும் விளையாட்டை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். 240 ஹெல்த் வைத்திருந்தபோது ஒருவரும் அப்படித் திரும்பிப் பார்த்ததில்லை.

வேலையும் குறைந்தது, இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஐந்து மடை, மூன்று வழி என்றால் தலைமடைக்கு 243 விதமாக வந்து சேரலாம். 243-க்கும் முடிவு எழுதுவது நடக்கிற காரியமா? ஆனால் ஒவ்வொரு ஆளும் எப்படி நடந்துகொள்வார் என்பது, விளையாடுபவர் முன்பு அவரிடம் எடுத்த ஒரே ஒரு முடிவைப் பொறுத்ததுதான். ஆக ஏழு பேருக்கு மூன்று வழிக்கும் சேர்த்து 21 துண்டு வசனம் எழுதினால் போதும், அவை தாமாகவே கூடி நிற்கும். கோடாட்டில் இதற்கு ஒரு டிக்ஷனரி (பெயர் போட்டுத் தகவல் வைக்கும் பட்டியல்), அதில் 31 ஃபிளாக் (இது நடந்ததா இல்லையா என்ற குறிப்பு). முதலில் ஒவ்வொரு காட்சியிலும் தனித்தனியாக எழுதி வைத்திருந்தேன், ஒன்றில் "வண்டி" என்றும் இன்னொன்றில் "வன்டி" என்றும் அடித்துவிட்டு, வண்டிக்காரர் ஏன் இரண்டு இடத்திலும் நிற்கிறார் என்று ஒரு ராத்திரி முழுக்கத் தேடினேன். ஃபிளாக் பெயர்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து, மற்ற இடங்களில் அங்கிருந்தே எடுக்க வேண்டும். இதை முதல் நாளே செய்யுங்கள்.

செல்லாயிக்கு ஹெல்த் பதிலாக மூச்சு 20. கோல் வீசினாலும் மூச்சு போகும், சரியான பேச்சுக்கு 1, தப்பான ஆதாரத்தைக் காட்டிப் பேசினால் 5. முதலில் பேச்சுக்கு மூச்சே செலவாகாமல் வைத்திருந்தேன், ஆட்கள் எல்லா வரியையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார்கள். 3 வைத்தபோது பயந்துபோய் அமைதியாக நின்றார்கள். 1-க்கும் 5-க்கும் இடையில் உள்ள தூரம்தான் ஆளை யோசிக்க வைக்கிறது. மூச்சு தீர்ந்தால் சாவு கிடையாது. வாய்க்காலில் தள்ளிவிடுவார்கள், விடிந்ததும் திரும்ப வரலாம். ஆனால் ஒரு நாள் போய்விட்டது, கடைமடையில் பயிரின் நிறம் ஒரு படி மஞ்சளாகும். தோற்றவர், முன்பு சேமித்த இடத்துக்குத் திரும்பிப் போக சேவ் கோப்பைத் தேடாமல் வயலைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. பாதிப் பேர் அப்போதும் சேவ் கோப்பைத்தான் தேடுகிறார்கள்.

உடுக்கை

சண்டைக்கு இசை வேண்டியிருந்தது. காங்கேயம் பக்கம் உடுக்கையடித்து அண்ணன்மார் கதை பாடும் பெரியவர் ஒருவரை, பொங்கல் கழிந்து ஒரு சாயங்காலம் வீட்டுக்கு அழைத்தோம். 2,500 ரூபாய் கொடுத்தேன், அது குறைவு, அடுத்த முறை கூட்டித்தான் கொடுப்பேன். ஸ்டூடியோவுக்குக் காசில்லை. நடுவீட்டில் கொடிக்கயிறு கட்டி மூன்று பவானி ஜமக்காளத்தைத் தொங்கவிட்டோம், எதிரொலி பெரும்பாலும் அடங்கியது. போனை உடுக்கைக்கு நேராக வைத்தபோது ஒலி கிழிந்தது. ஒரு பக்கமாக, நாலடி தள்ளி, ஒரு தலையணைமேல் வைத்ததும் சரியாக வந்தது.

ஏழு அடுக்காக அடித்துக் கொடுக்கச் சொன்னேன். ஏழு பேரும் நிற்கும்போது ஏழும் சேர்ந்து ஒலிக்கும். ஒருவர் கிளம்பினால் ஒரு அடுக்கு நிற்கும். பெரியவர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. "பாட்டுல ஆளு கொறையக் கொறைய அடி ஏறணுமுங்க, எறங்கக் கூடாதுங்க" என்றார். அவர் சொன்னதையும் ஒரு பிரதியாகச் செய்து பார்த்தேன். கோல் வழிக்கு அவர் சொன்னதுதான் சரி, ஆள் குறையக் குறைய உடுக்கை ஏறுகிறது. பேச்சு வழிக்கும் இருட்டு வழிக்கும் அடங்கிப் போகிறது. இப்போது இரண்டும் கேமில் இருக்கின்றன.

ஏழு பேரும் போன பிறகு பண்ணாடி மட்டும் மிஞ்சுகிறார். மாசியில் சோதித்தபோது இந்த இடம் காலியாக இருந்தது. நல்லபடியாக எல்லோரிடமும் நடந்துகொண்டு வந்தவருக்கு எதிரில் இரண்டு பேர்தான் நிற்பார்கள், மூன்று நிமிடத்தில் தீர்ந்துவிடும், பழைய 11 விநாடிப் பட்டனின் சாயல் அதில் தெரிந்தது. அதனால் பண்ணாடிக்கு ஒரு கேள்வி கொடுத்தேன், எந்த வழியில் வந்தாலும் அவர் கேட்பார். "தண்ணிய எடுத்துக்க அம்முணி. அடுத்த வருசம் என்ற காடு காஞ்சா உன்ற ஊரு மடைய உடுமா?" மூன்று பதில் இருக்கின்றன. எதைச் சொன்னாலும் மடை திறக்கும். ஆனால் கேம் அங்கே முடியாது. அடுத்த வருசம் என்று ஒரு சின்னக் காட்சி வரும், அதில் தலைமடைக்காரர்கள் கிழக்கே நடந்து உங்கள் மடைக்கு வருவார்கள். அன்று சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுவதா இல்லையா என்பது அப்போது. எடைமேடைத் தம்பி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் காட்சியில்தான். அவர் "முறை வெச்சுக்குவோம்" என்று சொல்லியிருந்தார், ஆனால் அந்த வருசம் கேமில் மழையில்லை.

செலவும் மிச்சமும்

லேப்டாப், டேப்லெட், உடுக்கைக்காரர், ஏழு மாதத்தில் சோதனை ஆட்டங்களுக்கு வந்தவர்களுக்கு டீ, பஜ்ஜி, ஒருமுறை பிரியாணி என்று 1,860, ஆக மொத்தம் 31,760 ரூபாய். கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் போட 100 டாலர் கட்டணம் உண்டு, அது இன்னும் கட்டவில்லை. கேம் அதற்குத் தயாராகவில்லை.

தயாராகாததற்குக் காரணம், இரண்டு மடையில் பேசி, இரண்டு மடையில் அடித்து, ஒன்றில் ஒளிந்து வருகிறவர்கள். பெரும்பாலோர் அப்படித்தான் விளையாடுகிறார்கள், ஒரே வழியில் போகிறவர் அபூர்வம். அவர்களுக்கு ஏழு பேரும் சரியாகக் குறைகிறார்கள், ஆனால் வசனம் இடறுகிறது. கை முறிந்தவர் பேச்சு வழிக்கு எழுதிய வரியைச் சொல்லி, "நீ அன்னிக்கு சொன்னது நெசந்தான் கண்ணு" என்று பிரியமாகக் கிளம்புகிறார். அடித்தவரிடம் எந்த மனுசனும் அப்படிப் பேசமாட்டார். 21 துண்டு போதும் என்று மேலே எழுதினேன், கலந்து வருகிறவர்களுக்காக இன்னும் 14 வேண்டியிருக்கும் என்று இப்போது கணக்குப் போட்டிருக்கிறேன், ஆளுக்கு இரண்டு.

மறுபடி தொடங்கினால் தலைமடையில் இருந்துதான் தொடங்குவேன். முதலில் ஏழு வட்டம், ஒவ்வொருவரும் ஏன் வந்து நிற்கிறார், எதைக் கண்டால் கிளம்புவார் என்று ஒரு வரி. அதன் பிறகுதான் மடைகளைக் கட்டுவேன். நான் மடை ஐந்தையும் முதலில் கட்டியதால், நாலாவது மடைக்காரர் தலைமடையில் நிற்பதற்கு இன்றுவரை வலுவான காரணம் கிடைக்கவில்லை. அவர் சும்மா வந்து நிற்கிறார், விளையாடுகிறவர்களுக்கும் அது தெரிகிறது. அப்பாருவிடம் கேட்டேன். "கடன்பட்டிருப்பான்" என்றார். அப்படியென்றால் நாலாவது மடைக்குப் பக்கத்தில் ஒரு கடன் சீட்டு கிடக்க வேண்டும், அதைப் பார்த்தவர் தலைமடையில் பேச முடிய வேண்டும், பார்க்காதவருக்கு அவர் கடைசிவரை நகரக்கூடாது. புது மஞ்சள் வரத்து ஆரம்பித்துவிட்டது, இந்த வாரம் மண்டியில் இருந்து வரவே பத்து மணி ஆகும். சீட்டின் படத்தை மட்டுமாவது இன்று ராத்திரி வரைந்து வைக்க வேண்டும்.